சுசுகியை வீழ்த்தியது யார்?

கேள்வி: சீனாவில் கடையை மூடிய சுசுகி, இந்தியாவிலும் சரிந்து வருகிறது. சீன மின்சாரக் கார்களின் முன்னால் ஜப்பான்காரர் இனி நிற்க முடியாது என்பதற்கு இதுவே சாட்சி அல்லவா?
- வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: அல்ல. தாங்கள் சொல்லும் இரு செய்திகளும் உண்மை. அவற்றிலிருந்து தாங்கள் எடுத்த முடிவுதான் தவறு. சுசுகி சீனாவை விட்டு வெளியேறியது 2018 இல். அந்த ஆண்டிலும் அங்கு விற்பனையான கார்களில் மிகப் பெரும்பாலானவை பெற்றோலில் ஓடியவையே. சாங்கான் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து சுசுகி செய்த ஆல்ட்டோ போன்ற சிறிய கார்களுக்கு ஒரு காலத்தில் அங்கே நல்ல மதிப்பு இருந்தது. சீனக் குடும்பங்களின் கையில் பணம் சேரச் சேர அவர்கள் பெரிய காரைத் தேடிப் போனார்கள். பெரிய கார் செய்வது சுசுகிக்குக் கைவந்த தொழில் அன்று. சந்தை பெரிய வாகனங்களின் பக்கம் திரும்பிவிட்டது என்று அந்த நிறுவனமே சொல்லிவிட்டுத் தன் பங்கைக் கூட்டாளியிடம் ஒப்படைத்தது. அதற்கு முன்பே, 2012 நவம்பரில், அமெரிக்காவிலும் கார் விற்பனையை அது கைவிட்டிருந்தது. அங்கே எந்தச் சீனக் காரும் அதற்குப் போட்டியாக இருக்கவில்லை.

இந்தியாவின் கதை வேறு. 1982 இல் இந்திய அரசின் மாருதி நிறுவனத்தில் வெறும் 26 சதவீதப் பங்குடன் சுசுகி நுழைந்தபோது, அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும்தான் அந்த நாட்டின் கார்கள். பணம் கட்டியவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழைய தஞ்சை மாவட்டத்தில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி மாருதியின் பொறுப்பில் இருந்தார். மேலாளரும் தொழிலாளியும் ஒரே சீருடை அணிந்து ஒரே உணவகத்தில் சாப்பிட்ட அந்தத் தொழிற்சாலையிலிருந்து, 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 வெளிவந்தது. மோட்டார் சைக்கிளில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மழையில் நனைந்தவருக்கு அது எட்டக்கூடிய கூரையாக இருந்தது. அந்தக் குடும்பத்தை வேறு எந்த உலக நிறுவனமும் அந்த அளவுக்கு மதித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு காலத்தில் இந்தியாவில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் அதனுடையவை. இன்று அந்தப் பங்கு நாற்பது சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. பறித்தவர் சீனரா? எம்.ஜி. போன்ற ஓரிரண்டைத் தவிர, சீனக் கார்களுக்கு இந்தியாவில் இன்னும் வாசல் முழுதாகத் திறக்கவில்லை; அங்கே தொழிற்சாலை அமைக்கச் சீனாவின் பிவைடி நிறுவனம் முன்வைத்த திட்டத்தை 2023 இல் இந்திய அரசு நிராகரித்தது. பங்கை எடுத்துக்கொண்டவர்கள், உயரமான எஸ்.யு.வி. வாகனங்களை உரிய நேரத்தில் கொண்டுவந்த ஹுண்டாய், டாட்டா, மகிந்திரா ஆகியோரே. 2020 இல் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளும், பாதுகாப்பு விதிகளும், வரியும் சேர்ந்து சிறிய காரின் விலையை ஏற்றிவிட, சுசுகி நம்பியிருந்த அந்த மோட்டார் சைக்கிள் குடும்பம் மீண்டும் மோட்டார் சைக்கிளுக்கே திரும்பிவிட்டது. இதுவே எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. 2025 செப்டெம்பரில் சிறிய கார்களுக்கான வரியை 28 இலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தது, காலம் கடந்தேனும் செய்யப்பட்ட நல்ல காரியம்.

மின்சாரக் கார் விடயத்தில் சுசுகி தூங்கிவிட்டது என்று தாங்கள் எழுதியிருந்தால் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டிருப்பேன். டாட்டா 2020 இலேயே நெக்ஸன் மின்சாரக் காரை வீதிக்குக் கொண்டுவந்துவிட்டது. சுசுகியின் ஈ-விட்டாரா குஜராத் தொழிற்சாலையிலிருந்து ஏற்றுமதிக்குப் புறப்பட்டது 2025 ஓகஸ்டில்தான். மின்கலத் தொழிலில் சீனாவின் கை ஓங்கியிருப்பதும் உண்மை.

ஆனால் கொழும்பின் காலி வீதியில் நின்று பார்த்து ஒரு நிறுவனத்தின் ஆயுளைக் கணிக்கலாகாது. இலங்கையில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பூட்டியிருந்த வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தபின் வந்த சீனக் கார்கள் புதியவை என்பதால் கண்ணில் படுகின்றன. கடந்த மாதம் என் பழைய மாருதியின் பின்விளக்கு ஒன்றுக்காக, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் எந்த ஆண்டு வாகனம் என்று மட்டும் கேட்டார். பட்டியல் எதையும் புரட்டாமல் உள்ளே போய், தூசி தட்டி, எடுத்துவந்து கையில் வைத்தார். நாற்பது ஆண்டுகளில் இந்தப் பிராந்தியம் முழுவதும் சேர்த்த சொத்து அது. எந்தப் புதிய நிறுவனமும் அதை ஓரிரு ஆண்டுகளில் வாங்கிவிட முடியாது.

ஜப்பான்காரர் இனி நிற்க முடியாது என்கிறீர்கள். 2025 ஜனவரியில் சுசுகியின் ஐந்து கதவு ஜிம்னி ஜப்பானில் அறிமுகமானபோது, சில நாட்களுக்குள் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் பதிவுசெய்ய, முன்பதிவையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அந்தக் கார்களைச் செய்து ஜப்பானுக்குக் கப்பலேற்றுவது, முதல் மாருதி 800 பிறந்த அதே குர்கானிலிருந்துதான்.