65 கி.மீ. காற்றில் கைட் பக்கி: போகலாமா?

கேள்வி: ஹாம்பர்க்கில் வசிக்கிறேன். போன கோடையிலிருந்து டென்மார்க்கின் ரோமோ தீவுக் கடற்கரையில் கைட் பக்கி ஓட்டுகிறேன். பட்டம் இழுக்க மணலில் ஓடும் மூன்று சக்கர வண்டி அது. வழக்கமாக 25 கி.மீ. காற்றில் 5 சதுர மீட்டர் பட்டம். வரும் சனிக்கிழமை 45 கி.மீ. காற்றாம், இடையிடையே 65 வரை வீசுமாம். '2 மீட்டர் பட்டம் போட்டால் ஒன்றும் ஆகாது, வா' என்கிறான் நண்பன். மனைவி கூடவே கூடாது என்கிறாள். போகலாமா?

பதில்: வேண்டாம். நான் உங்கள் மனைவி கட்சி.

காற்று கூடினால் பட்டத்தைச் சின்னதாக்க வேண்டும் என்பது சரிதான், எல்லோரும் செய்வதுதான். ஆனால் நண்பர் 45-ஐப் பார்த்துப் பட்டம் எடுக்கிறார், உங்களைத் தூக்கி அடிக்கப்போவது 65. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். 45 என்பது 65 ஆகும்போதே இழுவை இரட்டிப்பைத் தாண்டிவிடும், அதுவும் கண் இமைக்கும் நேரத்தில். உங்களுக்குப் பழகிய கணக்கில் சொன்னால், அந்த வீச்சில் 2 மீட்டர் பட்டம் இழுப்பதும் 25 கி.மீ. காற்றில் 13 மீட்டர் பட்டம் இழுப்பதும் ஏறக்குறைய ஒன்று. 25-இல் 13 மீட்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவீர்களா? போதாததற்குச் சின்னப் பட்டம் படுவேகமாகத் திரும்பும், யோசிக்க நேரம் தராது.

பக்கியில் பிரேக் கிடையாது, வேகத்தைக் குறைப்பதும் பட்டத்தை வைத்துத்தான். வீச்சு வரும்போது பட்டம் தலைக்கு மேலே நின்றால் ஆளைச் சீட்டிலிருந்து அப்படியே கிளப்பிவிடும். கைட் சர்ஃபிங்காரர் அப்படித் தூக்கப்பட்டால் பெரும்பாலும் தண்ணீரில் விழுவார். நீங்கள் விழப்போவது தார் ரோடு மாதிரி இறுகிய மணலில், அதுவும் கார்கள் உள்ளே வந்து நிற்கும் கடற்கரையில். அதனால்தான் பலத்த காற்றில் பட்டத்தைப் பக்கவாட்டில், தாழ்வாக வைக்கச் சொல்வார்கள். சொல்வது எளிது, முதுகுக்குப் பின்னாலிருந்து வீச்சு வரும்போது கை அதைக் கேட்காது: 'பார்' எனும் பிடிகம்பி வைத்த பட்டமானால் இழுவையைக் குறைக்க அந்தக் கம்பியை முன்னே தள்ள வேண்டும், பயந்த கையோ தன் பக்கம் இழுக்கும், இழுவை இன்னும் கூடும்.

பட்டக் கயிற்றை உடம்போடு கொக்கியில் மாட்டும் ஹார்னஸ் பட்டை போடுகிறீர்களா? எழுதவில்லை. போட்டால் இதையும் கேளுங்கள். முழு இழுவையில் இருக்கும் கயிற்றைக் கொக்கியிலிருந்து கையால் கழற்ற முடியாது, சட்டென்று விடுவிக்கும் குயிக் ரிலீஸ் பூட்டு ஒன்றுதான் வழி. அதை வாங்கி மாட்டியவர்களில் எத்தனை பேர் இழுவை இருக்கும்போது விடுவித்துப் பார்த்திருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம். காற்று மிதமான ஒரு நாளில், வண்டி இல்லாமல் மணலில் நின்றபடி, கண் பார்க்காமலே கை அதைத் தேடிப் பிடிக்கும் வரை செய்து பாருங்கள்.

சனிக்கிழமை ரோமோவுக்குப் போக ஆசையாக இருந்தால் வேடிக்கை பார்க்கப் போங்கள், பட்டம் பையைவிட்டு வெளியே வர வேண்டாம். 'ஏற்றித்தான் பார்ப்போமே' என்று தோன்றும். இந்தக் காற்றில் ஏற்றுவதைவிட இறக்குவதுதான் சிரமம். அந்த 2 மீட்டரை முதலில் 30 கி.மீ. காற்றில், வீச்சும் சராசரியும் ஒட்டியிருக்கும் நாளில் ஓட்டுங்கள், அனுபவப்பட்ட ஒருவர் பட்டத்தைப் பிடித்து இறக்கப் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம் ஹெல்மெட், அதைப் பற்றியும் நீங்கள் ஒரு வரி எழுதவில்லை.