பயாப்ஸியில் ஒன்றும் இல்லை, பிறகு எதற்கு ஆபரேஷன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. இரண்டு மாதத்தில் 7 கிலோ எடை குறைந்துவிட்டார். வலியே இல்லாமல் மஞ்சள் காமாலை வந்தது. சி.டி. ஸ்கேனில், கணையத்தின் தலைப்பகுதியில் 2.6 செ.மீ. கட்டி, 'புற்றுநோயாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறார்கள். அப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் சி.ஏ. 19-9 (கணையப் புற்றுநோயில் உயரக்கூடிய ஒரு பொருள்) அளவு 240. பித்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு மஞ்சள் குறைந்துவருகிறது. பயாப்ஸியில் 'புற்றுநோய் செல்கள் தென்படவில்லை' என்று வந்தது. ஆனாலும் பெரிய ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். இன்னொருவரிடம் கேட்கலாமா? இவர் தவறாக நினைப்பாரோ? அப்பாவிடம் நாங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

பதில்: தாராளமாகக் கேளுங்கள். கணையக் கட்டி என்றால் மருத்துவர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதுதான் வழக்கம். 'இந்தப் படத்தைக் கொஞ்சம் பாருங்களேன்' என்று நானும் பலமுறை அனுப்பியிருக்கிறேன். இதற்குக் கோபித்துக்கொள்ளும் மருத்துவர் என்றால், இன்னொருவரிடம் போவதற்கு அதுவே போதுமான காரணம்.

உங்களைக் குழப்புவது அந்த பயாப்ஸி. கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் பதுங்கியிருக்கும் உறுப்பு. எண்டோஸ்கோப்பைச் சிறுகுடலின் தொடக்கம் வரை செலுத்தி, அதன் நுனியில் இருக்கும் அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசி குத்திச் சதை எடுப்பார்கள். கணையப் புற்றுநோய்க் கட்டியில் பெரும்பகுதி தழும்பு போன்ற கெட்டியான நார்த்திசுதான். புற்றுச் செல்கள் அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். ஊசி நார்த்திசுவை மட்டும் கிள்ளிக்கொண்டு வந்தால், மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவருக்குப் புற்று கண்ணில் படாது. உண்மையில் புற்றுநோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படி நேர்வதுண்டு. ஆகவே 'தென்படவில்லை' என்பதை 'இல்லை' என்று படிக்காதீர்கள். ஸ்கேனில் சந்தேகம் வலுவாக இருந்து, கட்டியை முழுதாக எடுக்கவும் முடியும் என்றால், பயாப்ஸி நிரூபணம் இல்லாமலேயே ஆபரேஷனுக்குப் போவது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். கீமோதெரபியை முதலில் கொடுப்பதாக இருந்தால் மட்டும் நிரூபணம் கட்டாயம்.

சரி, அப்படியென்றால் இது புற்றுநோய்தானா? அதையும் நான் சொல்ல மாட்டேன். புற்றுநோய் என்று நினைத்து வெட்டியெடுத்த கணையக் கட்டிகளில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை, பிறகு பார்த்தால் வேறு ஏதோவாக இருந்திருக்கின்றன. முக்கியமாக, உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கி வரும் ஒருவகை அழற்சி உண்டு. அதுவும் உங்கள் அப்பாவின் வயதில், வலியில்லாத மஞ்சள் காமாலையோடு, ஸ்கேனில் கட்டி போலவே வரும். ஸ்டீராய்டு கொடுத்தால் சில வாரங்களில் சுருங்கிவிடும். ஐஜிஜி4 என்ற ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். ஆனால் அது லேசாக உயர்ந்திருப்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடையவும் கூடாது, புற்றுநோயிலும் சிலருக்கு அப்படி உயரும். நாள்பட்ட கணைய அழற்சியும், அரிதாகக் காசநோயும்கூடக் கட்டியாகத் தெரியலாம். கணையத்திலேயே, ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் நியூரோ எண்டோகிரைன் கட்டி என்று வேறொரு வகையும் இருக்கிறது. 2003-ல் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கண்டறியப்பட்டது அதுதான். அதற்கான சிகிச்சையும் போக்கும் வேறு.

அந்த 240-ஐப் பற்றி. வழக்கமான உச்ச அளவு 37 என்பதால் பயந்திருப்பீர்கள். பித்தம் அடைபட்டாலே சி.ஏ. 19-9 ஏறிவிடும். காமாலை இருந்தபோது எடுத்த எண்ணுக்கு அதிக மதிப்பு தர வேண்டாம், ரத்தத்தில் பிலிரூபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி) இறங்கிய பிறகு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மறுமுறை குறைந்தாலும் முழுதாக விடுதலை ஆகிவிடாது. இந்தப் பொருளைப் பிறவியிலேயே சுரக்காதவர்களும் உண்டு.

இரண்டாவது கருத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ரிப்போர்ட் காகிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது முதல் மருத்துவரின் கருத்தையே இன்னொருவர் வாயால் கேட்பது போலத்தான். ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கை வாங்குங்கள். பயாப்ஸியின் கண்ணாடி ஸ்லைடுகளையும், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டையும் பேத்தாலஜி பிரிவில் கேட்டுப் பெறலாம். வேறொரு நிபுணர் அதே ஸ்லைடில் வேறொன்றைப் பார்ப்பது அபூர்வமில்லை. ஸ்கேன் எடுத்தது ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பா, பின்பா என்பதும் முக்கியம். ஸ்டென்ட்டும் அதனால் வரும் வீக்கமும் படத்தை மறைக்கும். கணையத்துக்கென்றே மருந்து செலுத்தி, மெல்லிய துண்டுகளாக எடுக்கும் முறையில் ஸ்கேன் எடுக்கப்படவில்லை என்றால் திரும்ப எடுக்க நேரலாம்.

யாரிடம் போவது? கல்லீரல், பித்தப்பை, கணையம் ஆகியவற்றிலேயே பழகிய அறுவை சிகிச்சை நிபுணரிடம். பல துறை நிபுணர்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கும் டியூமர் போர்டு கூடும் மருத்துவமனையாக இருந்தால் நல்லது. விப்பிள் என்ற இந்த ஆபரேஷனில் கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயின் ஒரு பகுதி எல்லாம் போகும். அடிக்கடி செய்யும் இடங்களில் ஆபத்து தெளிவாகவே குறைவு. 'வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?' என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அங்கே போய் 'இது புற்றுநோயா?' என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். பக்கத்து ரத்தக் குழாய்களைக் கட்டி தொட்டிருக்கிறதா, சுற்றிவிட்டதா? முதலில் கீமோதெரபியா, ஆபரேஷனா? பயாப்ஸியை இன்னொரு முறை எடுத்தால் உங்கள் முடிவு மாறுமா? கடைசிக் கேள்விக்குத்தான் நான் மிகவும் மதிப்புக் கொடுப்பேன். 'மாறாது, எப்படியும் எடுக்கத்தான் வேண்டும்' என்றால் மறுபடி ஊசி குத்துவதில் நாட்களைக் கழிக்க வேண்டியதில்லை. 'மாறலாம்' என்றால் அதைச் செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இதற்கெல்லாம் இரண்டு வாரம் செலவழிக்கலாம். இரண்டு மாதம் கூடாது. இருவரும் ஒரே முடிவைச் சொன்னால் மூன்றாவது, நான்காவது என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். இடையில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அல்லது மஞ்சள் திரும்ப ஏறினால், ஸ்டென்ட் அடைத்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்புறம், சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சாப்பிட்டது செரிக்காமல் மலம் எண்ணெய்ப் பசையோடு போனால், செரிமான நொதி மாத்திரை தர முடியுமா என்று கேளுங்கள், எடை நிற்கும்.

அப்பா விஷயம். ஸ்டென்ட் வைத்து, ஊசி குத்தி, 7 கிலோ குறைந்த மனிதர் ஒன்றும் தெரியாமல் இருக்கிறார் என்று நம்புகிறீர்களா? ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். 'டாக்டர் சொன்னதை எல்லாம் உங்களிடம் சொல்லட்டுமா, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?' என்று அவரிடமே கேளுங்கள். இப்போதைக்குக் 'கணையத்தில் கட்டி, என்னவென்று இன்னும் உறுதியாகவில்லை' என்பதுதான் உண்மையும். இரண்டாவது மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் உள்ளே அழைத்துப்போய் உட்கார வையுங்கள்.