அந்த ஹூக் ஷாட்டைக் கொடுத்தது யார்?

அன்புள்ள ஐயா,

நான் ராலேயில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். இப்போது வேலை செய்வது மூன்றாவது கம்பெனி. வந்த புதிதில் அலுவலக நண்பர் ஒருவர் நார்த் கரோலினா ஸ்டேட் கல்லூரியின் கூடைப்பந்து ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. ஆனால் இனிமேல் விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. 2021-இல், ஒரு வருடம் வெளியே உட்காராமலே பையன்கள் கல்லூரி மாறலாம் என்றார்கள். அதே வருடம் விளம்பரப் பணம் வாங்கலாம் என்றார்கள். 2025 முதல் கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்கிறது. போன வருடம் நான் கைதட்டிய பையன் இந்த வருடம் எதிரணியில் நிற்கிறான். மூன்று புள்ளிக் கோட்டைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள், பழைய சாதனைகளுக்கு மதிப்பே இல்லை. அந்தக் காலத்தில் ஆட்டத்தில் ஒரு பொறுமை இருந்தது. விதியை மாற்றினால் அது ஆட்டக்காரனைச் செதுக்கியது. 1967-இல் கல்லூரி ஆட்டத்தில் டங்க் அடிக்க, அதாவது எம்பிப் பந்தை வளையத்துக்குள் கையாலேயே அறைய, தடை போட்டதால்தானே கரீம் அப்துல் ஜப்பாருக்குத் தலைக்கு மேல் கையை வளைத்து எறியும் அந்த ஹூக் ஷாட் வந்தது? இன்றைய விதிகள் யாரைச் செதுக்குகின்றன? அடுத்த சீசனுக்கு டிக்கெட்டைப் புதுப்பிக்க வேண்டாம் என்றிருக்கிறேன். மகள் சண்டை போடுகிறாள். அவள் அங்கேதான் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், பெண்கள் அணியின் ஆட்டம் ஒன்றையும் விடுவதில்லை. நான் நினைப்பது தவறா?

ர.,
ராலே

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அதில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. அதற்கு முன்னால் மற்றதையெல்லாம் முடித்துவிடுகிறேன்.

பையன்கள் கல்லூரி மாறுவது உங்களுக்கு வலிக்கிறது, புரிகிறது. ஆனால் பயிற்சியாளர்கள் நினைத்த நேரத்தில் வேறு கல்லூரிக்குப் போனார்களே, அப்போது யாருக்காவது வலித்ததா? அவரை நம்பி வந்த பையன் அவர் போனபிறகு வேறிடம் போக நினைத்தால் ஒரு வருடம் உட்கார வேண்டும். பெரியவருக்கு ஒரு நியாயம், பத்தொன்பது வயதுப் பையனுக்கு வேறு நியாயம். நீங்கள் மூன்றாவது கம்பெனியில் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களை யாரும் ஒரு வருடம் வீட்டில் உட்கார வைக்கவில்லை.

பணத்தைப் பற்றி இன்னும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2010-இல் கல்லூரிகளின் மார்ச் மாதத் தேசியப் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமையை 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றார்கள். ஓடியவர்கள் பையன்கள். அவர்களுக்குக் கொடுப்பதில் எனக்கு எந்தத் துக்கமும் இல்லை.

சாதனைகள் விஷயத்தில் உங்களோடு பாதி தூரம் வருவேன். பீட் மாராவிச் 1968 முதல் 1970 வரை லூசியானா ஸ்டேட் கல்லூரிக்காக 3,667 புள்ளி எடுத்தபோது மூன்று புள்ளிக் கோடே கிடையாது. முதலாண்டு மாணவர்களைப் பிரதான அணியில் சேர்க்கவும் மாட்டார்கள். அதனால் மூன்றே வருட ஆட்டத்தில் எடுத்தது அது. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் 2024-இல் 3,951 புள்ளியோடு முடித்தார், கோடும் இருந்தது, நான்கு வருடமும் இருந்தது. இருவரையும் தராசில் வைக்க முடியாது. ஏன் வைக்க வேண்டும்? மாராவிச்சின் எண்ணை யாரும் அழிக்கவில்லையே.

பொறுமை என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கல்லூரியின் பொறுமையையே சொல்கிறேன். 1968 மார்ச்சில், சார்லட் நகரில், நார்த் கரோலினா ஸ்டேட்டும் ட்யூக்கும் மோதிய அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் போட்டியின் அரையிறுதியில் இறுதிக் கணக்கு 12-10. இடைவேளையில் 4-2. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் நிற்கிறான், அரங்கமே உட்கார்ந்து அதைப் பார்க்கிறது. 1982-இல் நார்த் கரோலினாவின் மைக்கேல் ஜோர்டான் ஒரு பக்கம், வர்ஜீனியாவின் ரால்ஃப் சாம்ப்சன் ஒரு பக்கம் என்று இருந்த அதே போட்டியின் இறுதியாட்டத்திலும் பந்தைப் பதுக்கித்தான் 47-45 என்று முடித்தார்கள். பிறகுதான் 1985-86 சீசனில் எல்லோருக்குமாக, 45 விநாடிக்குள் பந்தைக் கூடையை நோக்கி எறிந்தே ஆகவேண்டும் என்ற ஷாட் க்ளாக் வந்தது, அது 35 ஆனது, 2015-இல் 30 ஆனது. நல்ல விதி என்றால் அது. கூடத்தில் நிற்கும் பத்துப் பேருக்கும் ஒரே கடிகாரம்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். “டங்க் அடிக்கத் தடை போட்டதால்தானே ஹூக் ஷாட் வந்தது?”

இதை நீங்கள் மட்டும் எழுதவில்லை. பலரும் சொல்கிறார்கள், நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. நடந்ததைப் பாருங்கள். 1966 மார்ச்சில் டெக்சஸ் வெஸ்டர்ன் என்ற சிறிய கல்லூரி, ஐந்து கறுப்பின வீரர்களோடு ஆட்டத்தைத் தொடங்கி, முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட கென்டக்கியை 72-65 என்று தேசிய இறுதியாட்டத்தில் வென்றது. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே டேவிட் லாட்டின் எம்பிப் பந்தை வளையத்துக்குள் அறைந்தார். அடுத்த வருடம் லூ அல்சிண்டர் வந்தார். ஏழடி இரண்டங்குலம், பிறகு கரீம் என்று பெயர் மாற்றிக்கொண்டவர். அவருடைய முதல் சீசனில் அவர் கல்லூரியான யு.சி.எல்.ஏ. முப்பது ஆட்டம் ஆடி முப்பதையும் வென்றது. கோப்பையை வாங்கிய சில நாட்களிலேயே விதிக்குழு கூடி டங்க் கூடாது என்றது. ஆட்டத்தில் மட்டுமல்ல, ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடாக்க ஓடும்போதும் கூடாது. காரணம் கேட்டால், அடிபடும், போர்டு உடையும், குள்ளமானவர்களுக்கு அநியாயம் என்றார்கள். இதில் தோலின் நிறத்துக்கும் பங்குண்டு என்று அல்சிண்டரே அப்போது சொன்னார்.

ஆளைப் பார்த்து விதி மாற்றியது அது முதல் முறையல்லவே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். நெட்டை ஆட்டக்காரர்களான ஜார்ஜ் மைக்கனும் பாப் கர்லண்டும் கூடைக்குப் பக்கத்தில் நின்று இறங்கிவரும் பந்தையெல்லாம் தட்டிவிட்டார்கள் என்பதால் 1944-இல் அதைத் தடுத்தார்கள். பில் ரஸ்ஸலுக்குப் பிறகு கூடையடிப் பகுதியை ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாக அகலமாக்கினார்கள். ஆனால் இறங்கும் பந்தைத் தட்டலாம் என்றால் அப்புறம் யாரும் ஷாட் அடிக்கவே முடியாது, ஆட்டமே நின்றுவிடும். டங்க் அப்படியா? பந்தைக் கூடைக்குள் போடத்தானே கூடையைக் கட்டினார்கள். ஒருவன் அதைக் கையாலேயே கொண்டுபோய் வைத்தால், ஆட்டம் கேட்டதை அவன் செய்கிறான்.

ஹூக் ஷாட்டையும் தடை கொடுக்கவில்லை. நியூயார்க்கில் ஐந்தாம் வகுப்புப் பையனாக இருந்தபோதே, கூடைக்கு அடியில் வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று என்று மாற்றி மாற்றி எறிந்து பழகியது அந்தக் கை. மைக்கனின் பெயரில் வழங்கும் பயிற்சி அது. விதிக்குழு கூடிய அறைக்கும் அந்தப் பையனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருவரின் வாசலை அடைத்துவிட்டு, அவர் சுவரேறிக் குதித்து வெளியே வந்ததும், “பார், நாங்கள் அடைத்ததால்தான் உனக்குச் சுவரேறத் தெரிந்தது” என்று சொல்வதற்குப் பெயர் என்ன, ர.?

எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

1978. நான் டெல்டா பக்கம் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அணியில் ஐந்தாவது ஆள், சுமாரான ஆட்டக்காரன். எங்கள் உடற்கல்வி இயக்குநர் சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் பயின்றவர். 1920-இல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய கல்லூரி அது. பக் படித்த ஸ்ப்ரிங்ஃபீல்டில்தான் 1891-இல் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தையே உண்டாக்கினார். அந்தப் பதின்மூன்று விதிகளையும் எங்கள் சார் மனப்பாடமாகச் சொல்வார். “எவ்வளவு உயரம் இருக்கணும், என்ன உடுத்தணும்னு ஒரு வார்த்தை இருக்காடா பாரு” என்பார்.

அணியில் என் நண்பன் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். அப்பா வைக்கோல் வண்டி ஓட்டினார். அவன் வெறுங்காலோடுதான் ஆடுவான். மதியம் மூன்று மணிக்குச் சிமென்ட் தளம் தோசைக்கல்லாகக் கிடக்கும், அவன் பாட்டுக்கு அதில் ஓடுவான். எம்பினால் ரிங்கைத் தொட்டுவிட்டு இறங்குவான். முந்தைய வருடம், போட்டியை நடத்திய கல்லூரியை அவர்கள் மைதானத்திலேயே அவன் ஒருவனே தோற்கடித்திருந்தான். இந்த வருடம் நாங்கள் போய் இறங்கிய சாயங்காலம் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப் போட்டிருந்தது: “வீரர்களின் பாதுகாப்பு கருதி, ஷூ அணியாதவர்கள் களமிறங்க அனுமதி இல்லை.” பன்னிரண்டு அணிகள் வந்திருந்தன. ஷூ இல்லாமல் ஆடுபவன் ஒருவன்தான்.

சார் சண்டை போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. ராத்திரி என் கான்வாஸ் ஷூவைக் கொடுத்தேன். எனக்கு எட்டு, அவனுக்குப் பத்து. ப்ளேடால் முன்பக்கத்தை அறுத்துவிட்டோம், விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மறுநாள் முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு முறை வழுக்கி விழுந்தான். உள்ளே புகுந்து எம்ப முடியவில்லை. அப்புறம் இடது பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டு, அங்கிருந்தே போர்டில் அடித்துக் கூடைக்குள் விழவைக்க ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு. நாங்கள் நான்கு புள்ளியில் தோற்றோம், அவன் இருபத்திரண்டு எடுத்திருந்தான். பரிசளிப்பில் கமிட்டித் தலைவர் மைக்கில் சொன்னார், புது விதியால் இந்தத் தம்பி புது ஆட்டம் கற்றுக்கொண்டார் என்று. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். லாரியில் திரும்பும்போது ஷூவைக் கழற்றினான். துணி சதையோடு ஒட்டியிருந்தது, இரண்டு சுண்டுவிரல் நகங்களும் கறுத்துவிட்டன. அதைப் பார்த்தபிறகும், “ஒருவகையில நல்லதுதான்டா, புதுசா ஒரு ஷாட் கிடைச்சுது” என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை சைக்கிளில் என்னை அவன் ஊர் அரிசி மில்லுக்குக் கூட்டிப்போனான். பின்பக்கச் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தது. தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரே ஒரு வட்டம் மட்டும் சுண்ணாம்பு தேய்ந்து, செங்கல் தெரிந்தது. ஏழு வயதிலிருந்து ரப்பர் பந்தால் அவன் அடித்த இடம். “இதைத்தான்டா நேத்து போட்டேன்” என்றான்.

நாற்பது வருடத்துக்கும் மேலாகிவிட்டது, நான் சொன்னதை அவன் மறந்திருப்பான். எனக்கு மறக்கவில்லை.

உங்கள் ஊர் டேவிட் தாம்ப்சனையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். நார்த் கரோலினாவிலேயே பிறந்த பையன், 1974-இல் உங்கள் கல்லூரிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அவரைப் போல் எம்பியவர் அந்தக் காலத்தில் யாரும் இல்லை. ஆனால் அவர் ஆடிய மூன்று வருடமும் தடைக்குள்ளேயே போயிற்று. அணித்தோழர் மான்டி டோ மேலே தூக்கிப் போடுவார், இவர் காற்றிலேயே பிடித்து மெதுவாக உள்ளே விடுவார். அறைய முடியாது. 1975-இல் சொந்த அரங்கில் கடைசி ஆட்டம். தனியாக ஓடி, எம்பி, அறைந்தே விட்டார். கூடை கணக்கில் வரவில்லை, டெக்னிக்கல் ஃபவுல் எழுதினார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1976 ஜனவரியில் டென்வரில் தொழில்முறை வீரர்களின் டங்க் போட்டியில் அதே மனிதர் ஜூலியஸ் எர்விங்குக்கு அடுத்ததாக வந்தார். அந்த வருடக் கடைசியில் தொடங்கிய சீசனில் கல்லூரிகளும் தடையை எடுத்துவிட்டன. ஒன்பது சீசன் போனது போனதுதான். தாம்ப்சனுக்கு அதை யாரும் திருப்பித் தரவில்லை.

உங்கள் மகள் பார்க்கும் ஆட்டத்துக்கும் இதே கதை உண்டு. 1971 வரை கல்லூரிப் பெண்கள் அணிக்கு ஆறு பேர் என்று ஆடினார்கள். பெரும்பாலோருக்கு நடுக்கோட்டைத் தாண்ட அனுமதியில்லை. பெண்ணின் உடம்பு தாங்காது என்றார்கள். அங்கேயும் பாதுகாப்புதான் காரணம்! உங்கள் கல்லூரிப் பெண்கள் அணியைப் பல வருடம் பயிற்றுவித்த கே யோவின் பெயர் வைத்த தளத்தில் இன்று அந்தப் பெண்கள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடுகிறார்கள். நீங்கள் பயப்படும் விதி மாற்றங்களில் அதுவும் ஒன்று.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பதினெட்டு வருடம் ஒரு அணியை நேசித்தவர் நீங்கள், கைதட்டிய பையன் எதிரணிச் சட்டையில் வந்தால் தொண்டை அடைக்கத்தான் செய்யும். பையன்கள் கிளம்பிப்போகும்போது கோபப்படுங்கள், கோட்டைத் தள்ளும்போது திட்டுங்கள். ஆனால் 1967-ஐ மட்டும் நல்ல காலத்துக்குச் சாட்சியாக இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

டிக்கெட்டைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? மகளோடு ஒரு நாள் ரெனால்ட்ஸ் அரங்குக்குப் போங்கள். வெளியே தாம்ப்சனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், எம்பிய நிலையில். உள்ளே போவதற்கு முன் அந்த டெக்னிக்கல் ஃபவுல் கதையை அவளுக்குச் சொல்லுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.