குடலை அடைத்த முடிப்பந்து: படிப்புப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: என் 13 வயது மகளின் இரைப்பையில் முடி பந்தாகச் சேர்ந்து, சிறுகுடல்வரை இறங்கி அடைத்திருக்கிறது. உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். எண்டோஸ்கோபியில் எடுத்தால் செலவு குறையுமா? அவளே விழுங்கியதால் காப்பீடு கிடைக்காது என்கிறார் உறவினர். படிப்புக்குச் சேர்த்த பணத்தில் கை வைக்கலாமா?

பதில்: முதலில் சம்மதக் கையெழுத்தைப் போடுங்கள், கணக்கு அப்புறம். அடைபட்ட குடல் ரத்த ஓட்டம் குறைந்து ஓட்டையாகிவிட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போக வேண்டிவரும். அந்தச் செலவோடு பார்த்தால் இன்றைய அறுவை சிகிச்சை மலிவு.

எண்டோஸ்கோபி ஆசை புரிகிறது. ஆனால் முடி செரிக்காது. இரைப்பை மடிப்புகளில் சிக்கி, உணவோடும் சளியோடும் பின்னி இறுகிவிடும். குழாய் வழியே இழுத்தால் பெரிய பந்து பெரும்பாலும் வராது, உடைந்த துண்டு கீழே போய் மறுபடி அடைக்கலாம். உங்கள் மகளுக்கு வால்போலக் குடலுக்குள் நீண்டிருக்கிறது. 1968 முதல் இதை ராபன்சல் சிண்ட்ரோம் என்கிறார்கள். இரைப்பையைத் திறந்து பந்தை எடுத்து, வேறு துண்டு தங்கியிருக்கிறதா என்று குடல் முழுவதையும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் குடலிலும் ஒரு கீறல் போடுவார்கள். அதனால் செலவு மதிப்பீட்டை, குடலைத் திறந்தால் எவ்வளவு, திறக்காவிட்டால் எவ்வளவு என்று இரண்டாகக் கேளுங்கள்.

காப்பீட்டை உறவினர் சொல்லுக்காக விடாதீர்கள். வேண்டுமென்றே தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் தொகை இல்லை என்ற விதி பல பாலிசிகளில் உண்டு. முடியைப் பிடுங்குவதும் விழுங்குவதும் கட்டுப்படுத்த முடியாத மனநலப் பிரச்சினை, வேண்டுமென்றே தன்னைக் காயப்படுத்தும் முயற்சி அல்ல. மருத்துவர் அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக எழுதட்டும். 'தெரியாமல் விழுங்கினாள்' என்று மட்டும் எழுதச் சொல்லாதீர்கள்; பொய் வெளிப்பட்டால் மொத்தக் கிளெய்மும் போகும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள்.

பணத்துக்கு முதலில் அவசரச் சேமிப்பு, பிறகு வைப்புத்தொகையின் மேல் கடன். அதுவும் போதாவிட்டால் படிப்புப் பணத்தில் குறைகிற அளவை மட்டும் எடுங்கள், தயங்க வேண்டாம். கிரெடிட் கார்டு பக்கம் போகாதீர்கள்.

பலரும் மறப்பது அடுத்த பில். பழக்கம் தொடர்ந்தால் பந்து மறுபடி உருவாகும், வயிற்றை மறுபடி திறக்க வேண்டிவரும். மனநல மருத்துவரும் பழக்கத்தை மாற்றும் பயிற்சியும் மாதக்கணக்கில் தேவைப்படலாம். வெளிநோயாளிச் செலவைப் பல பாலிசிகள் தருவதில்லை. அதற்கு ஒரு மாதத் தொகையை இப்போதே ஒதுக்கிவிட்டு, வீடு திரும்பும் முன் முதல் சந்திப்புக்குத் தேதி வாங்கிவிடுங்கள்.