‘கோஜென்ட்’: ஜிஆர்இ கட்டுரை எழுதும் மாணவருக்கு

பட்ட மேற்படிப்பில் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வுக்கான உங்கள் சொல் பட்டியலில், ‘கோஜென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே ‘கன்வின்சிங்’ (நம்பவைக்கிற) என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதானே என்பது உங்கள் கேள்வி. ஒன்றல்ல. இந்த வித்தியாசம் உங்கள் கட்டுரை மதிப்பெண்ணையே தொடுகிறது.

ஒருவரை நம்பவைக்கக் கண்ணீர் போதும், குரல் போதும், பேசுபவர் மேல் உள்ள மரியாதை போதும். அதையெல்லாம் ‘கன்வின்சிங்’, ‘பர்சுவேசிவ்’ என்று சொல்லிவிடலாம். ‘கோஜென்ட்’ என்றால் காரணமும் சான்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்து, மறுக்க இடமில்லாமல் முடிவில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். லத்தீன் மூலமான ‘கோகெரே’வுக்கும் திரட்டி ஓட்டுவது, கட்டாயப்படுத்துவது என்றுதான் பொருள். வாதம், காரணம், சான்று, அலசல் ஆகியவற்றோடு இது சேரும். ஆளைச் சொல்ல அதிகம் வராது. ‘ஐ ஆம் எ கோஜென்ட் பர்சன்’ என்று விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள்.

ஜிஆர்இ கட்டுரையில் உச்ச மதிப்பெண் 6. அதற்கான விளக்கத்தில், தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் கேட்பதே ‘கோஜென்ட்’ ஆன அலசலைத்தான். 5-க்கு ‘தாட்ஃபுல்’ (யோசித்து எழுதியது), 4-க்கு ‘காம்பிடன்ட்’ (போதிய திறமையோடு எழுதியது). நன்றாக யோசித்து எழுதுகிற பலர் 6-க்குக் கீழே நின்றுவிடுவது இங்கேதான்.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: ‘பிற துறைப் பாடங்கள் அறிவை வளர்க்கும், ஆகவே அவற்றைக் கட்டாயமாக்க வேண்டும்.’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அறிவை வளர்க்கும் எல்லாவற்றையும் கட்டாயமாக்க முடியுமா? ‘ஆகவே’வுக்கு முன்னால் ஒரு படி காணாமல் போயிருக்கிறது. இப்போது இதைப் பாருங்கள்: ‘புள்ளியியல் தெரியாத உயிரியல் மாணவர் தன் சோதனை முடிவையே தவறாகப் புரிந்துகொள்வார். விருப்பப் பாடமாக விட்டால், கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்கள், அதாவது அது மிகவும் தேவைப்படுகிறவர்களே, அதைத் தவிர்ப்பார்கள். ஆகவே கட்டாயமாக்க வேண்டும்.’ நல்ல பாடம் என்பதோடு நிற்காமல், ஏன் கட்டாயம் என்பதற்கும் இங்கே பதில் இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அலங்காரச் சொற்களைச் சேர்ப்பதெல்லாம் அப்புறம்.

2023 செப்டம்பரிலிருந்து எழுத்துப் பகுதியில் ஒரே கட்டுரைதான், 30 நிமிடம். கடைசி நான்கைந்து நிமிடத்தை ஒதுக்கி, நீங்கள் எழுதிய ஒவ்வொரு ‘தேர்ஃபோர்’ (ஆகவே) முன்னாலும் நின்று, ‘ஏன் அப்படி?’ என்று கேளுங்கள். முந்தைய வரியில் பதில் இல்லையென்றால் அங்கே இன்னும் ஒரு வரி எழுத வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு எழுதும் நோக்க அறிக்கையையும் (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்) இதே மாதிரி ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.