திரும்பி வந்தது வேறு நாணயம்: இணையத்தில் விற்பவர் என்ன செய்யலாம்?

கேள்வி: மறைந்த என் தந்தை சேர்த்து வைத்த வெள்ளி நாணயங்களையும் அஞ்சல் தலைகளையும் இணைய விற்பனைத் தளம் ஒன்றின் மூலம் கொஞ்சம் கொஞ்சமாக விற்று வருகிறேன். அண்மையில் ஒரு நாணயத்தை வாங்கியவர், அது போலி என்று புகார் செய்து திருப்பி அனுப்பினார். பார்சலைப் பிரித்தால், அதே ஆண்டு பொறித்த, ஆனால் நன்றாகத் தேய்ந்த வேறொரு நாணயம் இருந்தது. தளத்தினர் பணத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பணம் போனதுகூடப் பெரிதில்லை. அப்பா தேடித் தேடி வாங்கிய நாணயம் அது. மீதமுள்ளவற்றை விற்கவே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்களுக்கு நேர்ந்தது, சேகரிப்புப் பொருள்களை விற்பவர்களிடையே நன்கு தெரிந்த ஒரு மோசடி. நல்ல நிலையில் உள்ள நாணயத்தை வாங்கி, தன்னிடம் இருக்கும் மட்டமான ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு, பணத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்வது அதன் வழி. தளத்தினர் ஏன் அவர் பக்கம் நின்றார்கள் என்ற உங்கள் ஆற்றாமை நியாயமானது. ஆனால் தீர்ப்புச் சொல்லும் ஊழியர் நாணயத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். அவர் முன்னால் இருப்பவை நீங்கள் போட்ட படங்கள், இரு தரப்பும் எழுதிய செய்திகள், பார்சல் உங்களிடம் திரும்பி வந்து சேர்ந்தது என்ற பதிவு ஆகியவை மட்டுமே. அனுப்பிய நாணயம் வேறு, வந்த நாணயம் வேறு என்பதை அவற்றைக் கொண்டு காட்ட முடியாவிட்டால், உண்மை உங்கள் பக்கம் இருந்தும் பயனில்லை. அந்தச் சான்றைத் தகராறு எழுந்த பிறகு உருவாக்க முடியாது; நாணயம் உங்கள் கையில் இருக்கும்போதே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரே ஆண்டில், ஒரே நாணயச்சாலையில் லட்சக்கணக்கில் பொறிக்கப்பட்ட நாணயங்கள்கூட, புழக்கத்தில் இருந்து வந்தபின் ஒன்றைப் போல் மற்றொன்று இருப்பதில்லை. உருவத்தின் கன்னத்தில் ஒரு மெல்லிய கீறல், எழுத்தின் ஓரத்தில் ஒரு கருத்த புள்ளி, விளிம்பில் ஒரு சிறு நசுங்கல், பொறிக்கும் அச்சில் விரிசல் விட்டதால் பரப்பில் எழும்பிய மயிரிழை போன்ற கோடு ஆகிய இவைதான் உங்கள் நாணயத்தை இன்னதென்று காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள். எனவே இரு பக்கங்களையும் நேர் வெளிச்சத்தில் ஒரு முறையும், பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும் வெளிச்சத்தில் ஒரு முறையும் படம் எடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் கீறல்கள் தெளிவாகத் தெரியும். பலரும் மறந்துவிடும் விளிம்பையும் சுற்றிலும் எடுத்து வையுங்கள். பிறகு 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நாணயத்தை வைத்து, எடை தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் மார்கன் வெள்ளி டாலர் பொறிக்கப்பட்டபோது 26.73 கிராம் எடை கொண்டது. தேயத் தேய அந்த எடை குறையும். ஆகவே நீங்கள் அனுப்பியதற்கும் திரும்பி வந்ததற்கும் இடையே உள்ள எடை வேறுபாட்டைத் தராசே சொல்லிவிடும்.

இந்தப் படங்கள் எல்லாவற்றையும் விற்பனைப் பக்கத்தில் போட்டுவிடாதீர்கள். வாங்குபவர் தீர்மானிக்கப் போதுமானவற்றை மட்டும் போட்டுவிட்டு, மிக நெருக்கமாக எடுத்த இரண்டு மூன்றை, தகராறு எழுந்தால் காட்டுவதற்காக உங்களிடமே வைத்திருங்கள். அஞ்சல் தலைகளில் இந்த வேலை இன்னும் எளிது; ஓரப் பற்களின் அமைப்பும், படம் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதும், முத்திரை விழுந்த இடமும் தலைக்குத் தலை மாறும். பழைய பணத்தாள் என்றால் வரிசை எண் தெரிகிற ஒரு படமே பெரும்பாலும் போதும்.

மதிப்பு அதிகமுள்ள நாணயங்களை, விற்பதற்கு முன் தரச்சான்றுக்கு அனுப்புவது நல்லது. 1986-இல் பணியைத் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987-இல் தொடங்கப்பட்ட என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் நாணயத்தை ஆராய்ந்து, தரம் குறித்து, எண்ணிட்ட பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடித் தருகின்றன. அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் அவர்களுடைய தளத்தில் சரிபார்க்கலாம் என்பதால், போலி என்ற புகாரைத் துணிந்து எழுப்புவது கடினமாகிவிடும். கட்டணமும் காத்திருப்பும் உண்டு. சாதாரண நாணயங்களுக்கு இது கட்டுப்படியாகாது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தந்தையிடமிருந்து வந்த தொகுப்பில் அவரே அறியாமல் வாங்கிய போலி ஒன்றிரண்டு இருக்கக்கூடும்; அது விற்பதற்கு முன்பே தெரிந்துவிடும். புகார் செய்யும் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். அதே காரணத்தால், தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்ட நாணயம் என்றால் விளம்பரத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். குறைகளை நீங்களே முன்கூட்டி எழுதிவிட்டால், விவரித்தபடி பொருள் இல்லை என்று பிறகு யாரும் எளிதில் சொல்ல முடியாது.

பொதி கட்டும்போது, தராசில் நாணயம் இருப்பதில் தொடங்கி, அதை உறையிலிட்டு, பெட்டியை ஒட்டி, முகவரிச் சீட்டு தெரியும் வரை இடையில் நிறுத்தாமல் ஒரே காணொளியாக எடுத்துவிடுங்கள். தளங்கள் இதை எப்போதும் சான்றாக ஏற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வங்கியிடமோ காவல்துறையிடமோ போகும்போது அது துணைநிற்கும். கூரியர் ரசீதில் பார்சலின் எடை பதிவாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெற்றுப் பெட்டிதான் வந்தது என்று சொல்பவருக்கு அந்த எடையே பதில். காப்பீடு செய்யுங்கள், பெறுபவர் கையொப்பமிட்டு வாங்கும் முறையிலேயே அனுப்புங்கள்.

முகவரி விஷயத்தில் சற்றும் இளக வேண்டாம். பணம் செலுத்தியபின், ஊருக்குப் போகிறேன், நண்பர் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்பவர் உண்மையே சொல்லலாம். ஆனால் பேபால் போன்ற இணையவழிப் பணம் செலுத்தும் சேவைகளில், பரிவர்த்தனைப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு அனுப்பினால்தான் விற்பவருக்கான பாதுகாப்பு கிடைக்கும். அப்படிக் கேட்பவரிடம், ஆர்டரை ரத்து செய்துவிட்டுப் புதிய முகவரியுடன் மீண்டும் வாங்குமாறு பணிவாகச் சொல்லுங்கள்.

பணம் வந்துவிட்டதாக வரும் மின்னஞ்சலையும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாமல், நீங்களே கணக்குக்குள் சென்று பார்த்த பிறகு அனுப்புங்கள். தவறுதலாகக் கூடுதல் பணம் அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று எவரேனும் கேட்டால், அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பணத்தைப் பெறுவதற்கு ரகசிய எண்ணோ ஓ.டி.பி.யோ யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

பணம் கணக்கில் விழுந்ததும் விற்பனை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடவும் கூடாது. பேபாலில் வாங்கியவர் 180 நாள் வரை தகராறு எழுப்பலாம். கடன் அட்டை வழியாகச் செலுத்தியவர் தம் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கும் பல மாத அவகாசம் உண்டு. எனவே படங்களையும் ரசீதுகளையும் அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள். திருப்பி எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது என்று விளம்பரத்தில் எழுதுவதும் முழுக் காப்பு அல்ல. பொருள் விவரித்தபடி இல்லை என்று வாங்கியவர் சொன்னால் ஈபே போன்ற தளங்களில் அந்த நிபந்தனை செல்லாது. வாங்குபவருக்கு உள்ள நற்பெயரை வைத்தும் முடிவு செய்ய இயலாது, ஏனெனில் 2008 முதல் ஈபேயில் விற்பவர்கள் வாங்குபவருக்கு எதிர்மறைக் கருத்து எழுத முடியாது.

புகார் வந்தால் பதற்றப்படாமல், தளத்தின் செய்திப் பெட்டியிலேயே பதில் எழுதுங்கள். தொலைபேசியில் பேசியதற்குப் பதிவு இருக்காது. பாதிப் பணம் கொடுத்தால் புகாரை விட்டுவிடுகிறேன் என்று எழுதினால், அந்தச் செய்தியையே தளத்தினரின் பார்வைக்குக் கொண்டுசெல்லுங்கள். திரும்பி வரும் பார்சலைக் கேமரா முன்னால் பிரித்து, உடனே எடை போட்டுப் படம் எடுத்து, மாறியிருந்தால் பணம் திரும்பப் போவதற்கு முன்பே புகாரைப் பதிவு செய்துவிடுங்கள்.

தொகுப்பிலேயே மிக அரியவை என்று தெரிந்த ஒன்றிரண்டை மட்டும் இந்த வழியில் விற்க வேண்டாம் என்பது என் கருத்து. நற்பெயருள்ள ஏல நிறுவனம் கமிஷன் எடுத்துக்கொண்டாலும், ஏலம் எடுப்பவர் முன்கூட்டியே பொருளைப் பார்வையிட வழி செய்வதால் இத்தகைய தகராறு அங்கே அரிது.

கைவிட்டுப் போன நாணயத்தைப் பொறுத்தவரை, திரும்பி வந்த நாணயத்தையும் அது வந்த உறையையும் அப்படியே பத்திரப்படுத்தி, உங்கள் பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டும் ஒரு படத்துடன் தளத்திடம் மேல்முறையீடு செய்யுங்கள். இணையக் குற்றப் பிரிவிலும் புகார் கொடுங்கள். உங்கள் தந்தை அந்த நாணயத்தை ஏதேனும் பழைய படத்திலோ குறிப்பேட்டிலோ பதிந்து வைத்திருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். இப்படி மாற்றி எடுத்தவர்கள் பெரும்பாலும் அதை மறுபடி விற்கவே செய்வார்கள் என்பதால், வரும் மாதங்களில் அதே ஆண்டு நாணயம் விற்பனைக்கு வரும்போதெல்லாம் அந்தக் கீறலும் புள்ளியும் தென்படுகின்றனவா என்று பார்த்து, தென்பட்டால் அந்தப் பக்கத்தைச் சேமித்து, உங்கள் புகார் எண்ணுடன் தளத்துக்கும் காவல்துறைக்கும் அனுப்பிவிடுங்கள்.