அந்த நோட்டு இப்போது யார் கையில்?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 39. எண்ணூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் 15 வருஷமாகப் பர்மனென்ட். வீடு திருவொற்றியூர். அப்பா பெரம்பூர் மில் தொழிலாளி. மில்லை மூடியபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். இப்போது கம்பெனியில் என்னைக் கூப்பிட்டு, அசிஸ்டென்ட் மேனேஜர் கிரேடில் ஷிஃப்ட் இன்சார்ஜ் பதவி தருகிறோம் என்கிறார்கள். சிடிசி, அதாவது கம்பெனி எனக்காகச் செலவழிக்கும் மொத்தத் தொகை, வருஷத்துக்கு 10,20,000. இப்போது ஓ.டி. எல்லாம் சேர்த்துக் கைக்கு மாதம் 52,000 வருகிறது. மனைவி ‘போங்க’ என்கிறாள். அப்பா இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். சங்கத்தில் நான் பெரிய ஆள் இல்லை, எங்கள் ஷாப்புக்குக் கமிட்டி மெம்பர், அவ்வளவுதான். சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கோரிக்கை கொடுத்தாயிற்று. கான்ட்ராக்ட் பசங்க 60 பேர் லிஸ்ட்டை நான்தான் நோட்டுப் போட்டு எடுத்தேன், அதில் என் தங்கை வீட்டுக்காரரும் ஒருத்தர், அது வேறு விஷயம். தை மாதம் தங்கை பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு, மாமன் சீர் செய்ய வேண்டும், பணம் தேவை. நிம்மதியான யூனியன் வேலையா, முன்னேற்றமா? பொங்கலுக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், திருவொற்றியூர்

பதில்: தம்பி, நாலு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் சம்பளக் கணக்கு. (இங்கே இடமில்லாததால் அதைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறோம்.) மிச்சமிருக்கும் அரைப் பக்கத்தில், அப்பாவின் கோபத்துக்கும் மாமன் சீருக்கும் நடுவில் ஒரு நோட்டைச் செருகிவிட்டு, ‘அது வேறு விஷயம்’ என்று தாண்டிப் போயிருக்கிறீர்கள். எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் இந்த ‘நிம்மதியா, முன்னேற்றமா’ கேள்வி எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. ‘மனசு சொல்றபடி செய்யுங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்’ என்று எழுதி அனுப்பிவிடலாம்தான். உங்களுக்கு அதை எழுதப் போவதில்லை. அந்த நோட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அதில் என்ன இருக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இப்படி லிஸ்ட் எடுப்பவர்கள் எதை எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆள் பெயர், எந்தத் தேதியில் உள்ளே வந்தான், அப்போது எந்தக் கான்ட்ராக்டர், இப்போது எந்தக் கான்ட்ராக்டர், கேட் பாஸ் நம்பர், எந்த மெஷினில் நிற்கிறான், வேலை சொல்வது யார், லீவு கேட்டால் தலையாட்டுவது யார். கான்ட்ராக்டர் பெயர் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறியிருக்கும். ஆள் மட்டும் அதே மெஷினில் நிற்பான். நடுவில் பத்து நாள் ‘வராதே’ என்று சொல்லி நிறுத்தியிருப்பார்கள். அந்தப் பத்து நாளும் நோட்டில் இருக்கும். சரிதானே?

அது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும், வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரைப் பர்மனென்ட் ஆக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். கான்ட்ராக்ட் ஆள் போய்க் கேட்டால், ‘நீ எங்கள் ஆளே இல்லை, கான்ட்ராக்டரைப் போய்க் கேள்’ என்பார்கள். 2001-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது: ஒரு வேலையில் கான்ட்ராக்ட் முறையை அரசாங்கமே தடை செய்தாலும், அதில் இருந்தவர்கள் தானாகக் கம்பெனி ஆட்கள் ஆகிவிட மாட்டார்கள். அந்தக் கான்ட்ராக்ட் வெறும் பேருக்குத்தான், உண்மையில் வேலை வாங்கியது கம்பெனி என்று நிரூபித்தால்தான் உண்டு. எதை வைத்து நிரூபிப்பது? சம்பளச் சீட்டு கான்ட்ராக்டர் பெயரில், பி.எஃப். கான்ட்ராக்டர் பெயரில். அந்த அறுபது பேரிடமும் இருப்பது உங்கள் நோட்டு ஒன்றுதான்.

இப்போது நாற்காலியின் அந்தப் பக்கம் வாருங்கள். ஷிஃப்ட் இன்சார்ஜ் என்றால் யார்? காலையில் லைனில் ஆள் குறைந்தால் கான்ட்ராக்டருக்கு போன் போட்டு ‘எட்டுப் பேர் அனுப்பு’ என்பவர். ஆர்டர் குறைந்தால் ‘நாளைக்கு ஆறு பேர் போதும்’ என்பவர். அந்த ஆறில் உங்கள் மாப்பிள்ளை இருப்பாரா, மாட்டாரா? இருந்தால், ‘மச்சான் ஆளு’ என்று மற்ற ஐம்பத்தொன்பது பேரும் பேசுவார்கள். இல்லாவிட்டால், அன்றைக்குச் சாயந்திரம் உங்கள் தங்கை வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று யோசித்தீர்களா?

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். நாளைக்கு விஷயம் லேபர் கோர்ட்டுக்குப் போகிறது. கம்பெனி தரப்புச் சாட்சியாக யாரை அனுப்புவார்கள்? எம்.டி. வர மாட்டார். எச்.ஆர். ஆளுக்கு லைனில் நடப்பது தெரியாது. லைனை நடத்துகிறவரைத்தான் அனுப்புவார்கள். எம்.டபிள்யூ. 1, அதாவது நிர்வாகத் தரப்பு முதல் சாட்சி என்று உங்களுக்கு நம்பர் போடுவார்கள். கம்பெனி வக்கீல் கேட்பார்: ‘இவர்களுக்கு வேலை சொன்னது நீங்களா, கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரா?’ கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் என்று சொன்னால் பொய். நீங்கள்தான் என்று சொன்னால் மறுநாள் உங்கள் நாற்காலி இருக்காது. எதிரே மனுதாரர் பக்கம் உட்கார்ந்திருப்பது தங்கை புருஷன். இதையா ‘வேறு விஷயம்’ என்கிறீர்கள்?

இதில் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் மாமன் சீர். தங்கை பெண்ணுக்குச் சீர் செய்யப் பணம் வேண்டும், அதனால் இந்த வேலைக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். அந்தப் பெண்ணின் அப்பன் பர்மனென்ட் ஆகக்கூடிய ஒரே வழியை விட்டுவிட்டு, பட்டுப்பாவாடையும் தட்டு வரிசையும் கொண்டுபோய் வைப்பீர்கள். மண்டபத்தில் ஆரத்தி எடுப்பார்கள், போட்டோ பிடிப்பார்கள். தாய்மாமன் என்பவன் சடங்கன்றைக்குத் தட்டு தூக்குவதற்கு மட்டும் பிறந்தவன் இல்லை தம்பி. தங்கை வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று வருஷம் முழுக்கப் பார்க்கிறவன். இந்த விஷயத்தில் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று யார் சொன்னாலும் எனக்குக் கவலையில்லை. சீர் சின்னதாக இருந்தால் சொந்தக்காரர்கள் ஒரு வாரம் பேசுவார்கள். மாப்பிள்ளை லிஸ்ட்டிலிருந்து விழுந்தால் உங்கள் தங்கை ஆயுசுக்கும் பேச மாட்டாள். அவர் கான்ட்ராக்ட்டில் வந்ததே உங்கள் சிபாரிசில்தான் என்று ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆமென்றால் நான் மேலே சொன்னதை இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நாள். கோரிக்கை கொடுத்த பிறகு, பேச்சுவார்த்தை முடிவதற்கு முன்பு, நோட்டு எழுதியவரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 15 வருஷம் மெஷின் பார்த்தவருக்கு ஷிஃப்டை நடத்தத் தெரியாதா? ஆனால் அந்தத் திறமை போன வருஷமும் இருந்தது, அதற்கு முந்தைய வருஷமும் இருந்தது. பொங்கலுக்குள் என்று என்ன அவசரம்? கமிட்டியிலிருந்து ஒரு ஆள் குறைகிறது, லிஸ்ட்டை வாய்ப்பாடாகத் தெரிந்த ஆள் மேஜைக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. அவர்கள் நிர்வாகம் நடத்துகிறார்கள், அவர்கள் வேலையை அவர்கள் செய்கிறார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டதுதான் எனக்கு உறுத்துகிறது.

சம்பளம் பற்றிச் சுருக்கமாக. 10,20,000-ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 85,000 என்று எழுதியிருந்தீர்கள். ஆஃபர் லெட்டரின் பின்பக்கம் உள்ள பட்டியலைப் படியுங்கள். கம்பெனிப் பங்கு பி.எஃப்., கிராஜுவிட்டி, வருஷக் கடைசியில் அவர்கள் மனசு வைத்தால் வரும் வேரியபிள் பே, எல்லாம் அந்தத் தொகைக்குள்தான் அடக்கம். பேசிக் 40,000, வேரியபிள் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டு, உங்கள் பங்கு பி.எஃப்.பையும் கழித்தால் கைக்கு வருவது 65,000 பக்கம் நிற்கும். ஓ.டி. கிடையாது. எட்டு மணி நேரம் முடிந்தது என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பவும் முடியாது. செட்டில்மென்ட் கையெழுத்தானால் உங்கள் 52,000-மும் அதே இடத்தில் நிற்கப் போவதில்லை. வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. நீங்கள் நினைத்த 33,000 இல்லை, அவ்வளவுதான்.

வேலைப் பாதுகாப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். நிர்வாக வேலை பார்க்கிறவர் சட்டப்படி ‘தொழிலாளி’ இல்லை. மேற்பார்வை வேலை என்றாலும், பழைய 1947-ஆம் வருஷச் சட்டத்தில் மாதச் சம்பளம் 10,000-ஐத் தாண்டினால் தொழிலாளி இல்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் அது 18,000. நீங்கள் எந்தக் கணக்கிலும் வெளியேதான். பெயருக்கு மேனேஜர் என்று போட்டுவிட்டுப் பழைய வேலையையே செய்யச் சொன்னால் கோர்ட்டில் வாதாடலாம். பெயரை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள், பார்க்கும் வேலையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஆனால் ஆள் அனுப்பி, லீவு கொடுத்து, மெமோ கொடுக்கிற ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு அந்த வாதம் எடுபடாது. சார்ஜ் ஷீட், என்கொயரி என்று இழுத்தடிக்கிற பாதுகாப்பு போய்விடும். லெட்டரில் எழுதியிருக்கிற நோட்டீஸ் காலம்தான் மிச்சம். கிராஜுவிட்டி மேனேஜருக்கும் உண்டு. பழைய 15 வருஷ சர்வீஸ் தொடரும் என்று எழுத்தில் வாங்குங்கள். டிரான்ஸ்ஃபர் ஷரத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓசூருக்குப் போ என்றால் போக வேண்டியதுதான்.

யூனியன் வேலை மட்டும் நிம்மதியா என்றால், அதைப் பெரம்பூர் மில் வீட்டுப் பிள்ளைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1918 ஏப்ரலில் அந்த மில் தொழிலாளிகளுக்காகத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1996-ல் மில்லே மூடியது. கேட் பூட்டிய பிறகு பர்மனென்ட் என்ன, கான்ட்ராக்ட் என்ன? அதனால் ‘சங்கம் இருக்கிறது, பயமில்லை’ என்ற பேச்சை நான் நம்புகிறவள் இல்லை.

மேனேஜ்மென்ட்டுக்குப் போவதைத் துரோகம் என்றும் சொல்ல மாட்டேன். அந்த 1918 சங்கத்தை முன்னின்று நடத்திய பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் மில்லில் நூல் நூற்றவர்களா? ஒருவர் பிரம்ம ஞான சபைக்காரர், இன்னொருவர் தமிழாசிரியராக இருந்து பத்திரிகைக்கு வந்தவர். போட்டிருக்கிற சட்டையைப் பார்த்து ஆளை எடை போட முடியாது. லைன் தெரிந்த ஆள் இன்சார்ஜாக வந்தால், கை மாட்டுகிற மெஷினைப் பாதுகாப்பு மூடி போடாமல் ஓட்டச் சொல்ல மாட்டார் என்ற ஆசை எனக்கும் உண்டு. நீங்கள் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். இந்தப் பொங்கலுக்குள் வேண்டாம்.

கம்பெனிக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள்: அழைப்புக்கு நன்றி, கமிட்டிப் பொறுப்பில் இருக்கிறேன், ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இதைப் பரிசீலிக்க விரும்புகிறேன். அவர்களுக்கு வேண்டியது ஷிஃப்டை நடத்த ஒரு நல்ல ஆள் என்றால் அதுவரை காத்திருப்பார்கள். ‘இப்போ வா, இல்லாட்டி இல்லை’ என்றால் அந்த நாற்காலியை எதற்குப் போட்டார்கள் என்று உங்களுக்கே விளங்கிவிடும். அதற்குப் பிறகும் போவதென்றால் உங்கள் இஷ்டம், என்னிடம் கேட்காதீர்கள்.

நோட்டை இந்த வாரமே ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிரதியைச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள், பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் அந்த அறுபது பேருடைய தேதிகள் உங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது.

மனைவி ‘போங்க’ என்றாள் என்று பழியை அங்கே இறக்கி வைக்காதீர்கள். லிஸ்ட்டில் மாப்பிள்ளை பெயர் இருப்பதை அவளிடம் சொல்லிவிட்டா கேட்டீர்கள்? அப்பாவிடமும் நோட்டைக் காட்டியிருக்க மாட்டீர்கள், காட்டுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய், கம்பெனி கூப்பிட்டதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். சீர் விஷயத்தையும் அங்கேயே பேசிக்கொள்ளலாம், எவ்வளவு முடியும் என்று நேராகச் சொன்னால் தங்கை புரிந்துகொள்வாள். மாப்பிள்ளைக்கு நைட் ஷிஃப்ட் இல்லாத வாரமாகப் பார்த்துப் போங்கள். அவர் தூங்கும்போது தங்கையிடம் மட்டும் காதோடு சொல்லிவிட்டு வருகிற வேலை வேண்டாம்.